கொம்பனிக் காசு

அந்த அக்கா எந்தப் பொருள் வாங்கினாலும் அது வந்த பெட்டியை எறியமாட்டார். லண்டனில், ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி அவருடைய வீடு. மேல்மாடியில் ஒரு சின்ன அறை. அதில் கட்டில் இல்லை, அலுமாரி இல்லை. கூரை முட்ட வெறும் பெட்டிகள். தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தில் வந்த பெட்டி, இஸ்திரிப்பெட்டி வந்த பெட்டி, சப்பாத்துப் பெட்டிகள், மகனின் மழைக்கோட்டு வந்த பெட்டி. ஒவ்வொன்றின் மூடியிலும் ரசீது ஒட்டியிருக்கும். முதல்முறை பார்த்தபோது வீடு மாறப்போகிறார்களாக்கும் என்றுதான் நினைத்தேன்.

"வீடு மாறேல்லை பிள்ளை. பெட்டியும் ரசீதும் இருந்தால் எந்தக் கடைக்காரனும் திருப்பி எடுக்கத்தான் வேணும்" என்றார்.

பதினொரு மாதம் பாவித்த இஸ்திரிப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்து முழுக்காசையும் வாங்கியவர் அவர். ஒரு பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போன சப்பாத்தை, அடியைத் துணியால் துடைத்து, தாளில் சுற்றி, திங்கட்கிழமை கடைக்குக் கொண்டுபோனார். நான் கூடப் போயிருந்தேன். கடையில் நின்ற வெள்ளைக்காரப் பெண் சப்பாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அக்கா முகத்தில் ஒரு சின்னச் சிரிப்போடு நின்றார். கடைசியில் அந்தப் பெண்தான் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் காசைக் கொடுத்தாள்.

வசதி இல்லாதவர் என்று யாரும் நினைக்கவேண்டாம். கணவர் கணக்காளர். இவருக்கு உள்ளூராட்சிக் கவுன்சில் ஒன்றில் வேலை, அதுவும் முறைப்பாட்டுக் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிற பிரிவில். எந்தச் சொல்லைப் போட்டால் அலுவலகத்தில் இருப்பவன் பயப்படுவான், எந்தச் சொல்லைப் போட்டால் கடிதத்தைத் தூக்கி ஓரத்தில் வைப்பான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பகலில் மற்றவர்களின் முறைப்பாடுகளைத் தட்டிக்கழித்தார். சனி ஞாயிறுகளில் தன்னுடைய முறைப்பாடுகளை எழுதினார்.

தனக்கு மட்டும் எழுதியிருந்தால் நான் அவரைப் பற்றி இவ்வளவு யோசித்திருக்கமாட்டேன். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் எழுதினார். அந்தப் பக்கத்தில் இங்கிலீசுக் கடிதம் என்றாலே பயப்படுகிற குடும்பங்கள் பல இருந்தன. இலங்கையிலிருந்து அகதியாக வந்து, நாள் முழுக்க வேலை செய்து, காஸ் பில் ஏன் இரண்டு மடங்கு வந்தது என்று கேட்கத் தெரியாதவர்கள். ஞாயிறு பின்னேரம் அவருடைய சாப்பாட்டு மேசையைச் சுற்றி அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரிடமும் ஒரு சதம் வாங்கமாட்டார். வீட்டுக்காரன் பிடித்து வைத்திருந்த வாடகை முற்பணத்தை மூன்றே கடிதத்தில் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அந்தக் குடும்பத்துத் தகப்பன் அவரைக் கும்பிட்டதை நான் பார்த்தேன்.

எல்லாக் கடிதத்திலும் மூன்றாவது பந்தியில் ஒரு வசனம் இருக்கும். 'இவ்வளவு மரியாதைக் குறைவாக என்னை இதுவரை ஒருவரும் நடத்தியதில்லை' என்று இங்கிலீசில். காஸ் கொம்பனிக்கும் அதுதான், சப்பாத்துக் கடைக்கும் அதுதான்.

யாராவது தயங்கினால் சொல்லுவார்: "கொம்பனிக்கென்ன பிள்ளை குட்டியோ கிடக்கு? பாவம் பாக்காதை."

நானும் அந்த மேசையில் இருந்திருக்கிறேன். ஊருக்குப் போய் வந்தபோது என்னுடைய பெட்டி ஒன்று விமானத்தில் தொலைந்துவிட்டது. விமானக் கொம்பனி ஏதோ சொற்பக் காசு தருவதாக எழுதியிருந்தது. பெட்டிக்குள் இருந்தவற்றை அக்கா பட்டியல் போட்டார். நான் சொல்லச் சொல்ல எழுதியவர் கடைசியில் என்னைக் கேட்காமல் 'பட்டுச் சேலை இரண்டு' என்று சேர்த்தார்.

"அக்கா, சீலை ஒண்டும் அதுக்கை இல்லை."

"இருந்திருக்கலாம்தானே" என்றார். கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "எத்தினை தரம் அலைஞ்சனி, எத்தினை நாள் வேலையை விட்டனி? அதுக்கு ஆர் தாறது?"

அவர் காட்டிய இடத்தில் நான் கையெழுத்து வைத்தேன். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு முழுக்காசும் வந்தது. அந்தக் காசில் ஒரு கொம்பியூட்டர் வாங்கினேன். அதில்தான் என் கடையைத் தொடங்கினேன்.

கடை என்றால் எங்கள் வீட்டின் முன்னறை. சென்னையில் இருந்த மச்சாள் சேலைகளைத் தெரிந்தெடுத்து அனுப்புவார். நான் அவற்றை யன்னல் வெளிச்சத்தில் விரித்துப் படமெடுத்து இணையத்தளத்தில் போடுவேன். சேலைக் கடைகள் இருக்கிற டூட்டிங்குக்கும் போகாமல், கடைக்காரரோடு பேரம் பேசவும் தேவையில்லாமல், வீட்டில் இருந்தபடியே கடனட்டையால் சேலை வாங்கலாம் என்பது அப்போது புதிது. என் கணவர் ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்தார். இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நான் பார்சல் கட்டுவேன். அக்காதான் முதல் வாடிக்கைக்காரர். அவர் சொல்லித்தான் பலர் வந்தார்கள். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாவது வருடம் ஒரு பெரிய அடி விழுந்தது. கிழக்கு லண்டன் முகவரி ஒன்றுக்கு, ஒரே கிழமையில், ஏழு நாளுக்குள் நாலு முறை, விலை கூடிய கலியாணச் சேலைகளாக ஓடர் வந்தது. காசு உடனே கணக்கில் விழுந்தது. சந்தோசத்தோடு அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து வங்கியிலிருந்து கடிதம் வந்தது. நாலும் திருட்டுக் கடனட்டைகள். அட்டையின் உண்மையான சொந்தக்காரர்கள் 'நாங்கள் வாங்கவில்லை' என்று தங்கள் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்குக் காசு திரும்பிவிட்டது. அந்தக் காசை என் வங்கி என் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் மேலதிகமாக ஒரு தண்டமும் வைத்தது. இதற்கு சார்ஜ்பேக் என்று பெயர் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். சேலையும் போய், காசும் போய், தண்டமும் கட்டிக்கொண்டு நின்றேன். களவெடுத்தவனை ஒருவரும் தேடவில்லை.

அக்கா எனக்காக வங்கிக்கு இரண்டு பக்கத்தில் எழுதினார். பதில் ஒரு பந்திதான். அட்டையைக் கண்ணால் காணாமல் விற்றால் அந்த வியாபாரத்தின் ஆபத்து முழுவதும் விற்பவருக்கே, நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று. இனியும் இப்படி வந்தால் அட்டையில் காசு வாங்கும் வசதியை நிறுத்த நேரிடும் என்றும் இருந்தது. அக்கா அதை எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார்.

"பாங்க் ஒரு சதமும் போடமாட்டான் பிள்ளை. முழுக்க உன்ரை தலையிலைதான்" என்றவர், கடிதத்தைத் துளையிட்டுத் தன்னுடைய ஃபைலில் போட்டுக்கொண்டார். தோற்றுப்போன கடிதங்களை அவர் ஏன் வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு நான் ஒரு சட்டம் வைத்தேன். அட்டை எந்த முகவரிக்குப் பதிவாகியிருக்கிறதோ அந்த முகவரிக்கு மட்டும்தான் பார்சல் போகும். யார் கேட்டாலும் வேறு இடத்துக்கு அனுப்புவதில்லை. பலர் கோபித்தார்கள். நான் விடவில்லை.

ஒருவருக்கு மட்டும் விட்டேன்.

அக்காவின் தங்கையின் இளைய மகளுக்குக் கலியாணம் வந்தது. தங்கை குடும்பம் டூட்டிங்கில். அக்கா இணையத்தளத்தில் மூன்று சேலை தெரிந்தெடுத்து, தன்னுடைய அட்டையில் காசைக் கட்டிவிட்டு, எனக்கு ஃபோன் எடுத்தார்.

"டூட்டிங்குக்கு நேரை அனுப்பு பிள்ளை, தங்கச்சி வீட்டை. சீலைச் சட்டை தைக்கிறவ அங்கைதான் இருக்கிறா."

"அட்டை உங்கடை வீட்டு விலாசத்திலை எல்லோ கிடக்கு அக்கா."

"எனக்குமோ உன்ரை சட்டம்?" என்று சிரித்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றைக்கே அனுப்பினேன். அங்கே தங்கையின் கணவர் கையெழுத்து வைத்து எடுத்தார்.

கலியாணத்துக்கு நாங்களும் போனோம். அக்கா மாம்பழ மஞ்சளில், அரக்குக் கரை போட்ட சேலையை உடுத்தியிருந்தார். தங்கையும் தங்கையின் மூத்த மகளும் மற்ற இரண்டையும் உடுத்தியிருந்தார்கள். மண்டபத்தில் யாரோ கேட்டதற்கு, "இந்தப் பிள்ளையின்ரை கடையிலைதான் வாங்கினனான்" என்று என் தோளைத் தொட்டுக் காட்டினார்.

அடுத்த கிழமை ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மூன்று சேலையும் மடித்து உள்ளே இருந்தன. கரைக்கு ஃபோல்ஸ் தைத்திருந்தது. சட்டைத் துணி வெட்டியிருந்தது. மஞ்சள் சேலையின் தலைப்பில் சந்தனம் பட்ட கறை.

"கொம்பியூட்டரிலை பாத்த மஞ்சள் வேறை, வந்த மஞ்சள் வேறை. இதுகளைத் திருப்பி எடு."

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். சப்பாத்துக் கடையில் பார்த்த அதே சின்னச் சிரிப்பு.

"உடுத்த சீலையை எடுத்து நான் ஆருக்கு விக்கிறது அக்கா? எடுக்க ஏலாது."

"அப்ப எடுக்கமாட்டாய்?"

"ஏலாது அக்கா."

"சரி" என்றார். கோபிக்கவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு, பிள்ளைகளின் படிப்பை விசாரித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஆறு கிழமைக்குப் பிறகு வங்கிக் கடிதம் வந்தது. அட்டைக்காரர் இந்தப் பொருட்களைத் தான் வாங்கவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பொருள் போன முகவரி அட்டைக்காரரின் முகவரி அல்ல. வாங்கிய கையெழுத்தும் அவருடையது அல்ல. முதல் வரியைத் தவிர மற்றதெல்லாம் உண்மை. நான் கலியாணப் படத்தை இணைத்து, இவர்தான் அட்டைக்காரர், இதோ உடுத்தியிருக்கிறார் என்று எழுதினேன். சேலை உடுத்தியிருக்கும் படம், காசு கட்டியவர் அவர்தான் என்பதற்கு ஆதாரமாகாது என்று பதில் வந்தது. காசையும் தண்டத்தையும் எடுத்துக்கொண்டார்கள்.

நான் அவருடைய வீட்டுக்குப் போனேன். குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்கள் வாங்கேல்லை எண்டு எழுதிக் குடுத்தனீங்களோ அக்கா?"

"ஓம்" என்றார். மறைக்கவில்லை. "நான் முதல் உன்னட்டைத்தான் கொண்டந்தனான். நீ எடுக்கேல்லை."

"அதுக்காகப் பொய் எழுதுறதோ?"

"உன்ரை காசிலை நான் கை வைக்கேல்லை. கிரெடிட் காட் கொம்பனி தந்தவன். அவனிட்டை இல்லாத காசோ?"

"அவன் என்ரை கணக்கிலையிருந்து எடுத்துத்தான் உங்களுக்குத் தந்தவன்."

"அப்பிடிச் செய்யமாட்டாங்கள்."

"போன வருசம் எனக்கு வந்த கடிதம் உங்கடை ஃபைலிலைதான் கிடக்கு. முழுக்க உன்ரை தலையிலை எண்டு நீங்கள்தான் எனக்கு வாசிச்சுச் சொன்னனீங்கள்."

கத்தி நின்றது. தெரியாமல் செய்திருந்தால் அப்போதாவது திடுக்கிட்டிருப்பார். அவருக்கு முதலே தெரியும். வெங்காயத்தை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுத்தார்.

"யாவாரம் எண்டால் நட்டம் வரும் பிள்ளை. தாங்க ஏலாதெண்டால் செய்யக்கூடாது."

"எனக்கு ரெண்டு பிள்ளையள் அக்கா. நான் கொம்பனியில்லை."

"உன்ரை பெட்டிக்கை இல்லாத பட்டுச்சீலைக்குக் காசு வந்தபோது இது அநியாயம் எண்டு நீ எனக்குச் சொல்லேல்லையே" என்றார், குரலை உயர்த்தாமல். "அப்ப நல்லா இருந்தது, என்ன?"

நடந்து வந்து எங்கள் வீட்டு வாசலில் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் திறக்காமல் நின்றேன். நாலு வீட்டுத் தூரம் அன்றைக்கு மிக நீளமாக இருந்தது. அவர் அதிலும் பொய் சொல்லியிருந்தால் நான் அவரை அவ்வளவு வெறுத்திருக்கமாட்டேன். கடைசியாகச் சொன்னது உண்மை. அதனால்தான் வெறுத்தேன்.

பெட்டிக் கதையை அன்றுவரை என் கணவருக்குச் சொல்லியிருக்கவில்லை. சொன்னேன். அவர் தொழிற்சாலை மாவு ஒட்டிய சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"அண்டைக்கு ஏன் இல்லையெண்டு சொல்லேல்லை?"

"சொன்னனான். பேந்து பேசாமல் இருந்திட்டன்."

"அதுதானே பிழை" என்றார்.

அதோடு முடிந்திருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்த நாலு மாதத்தில் இன்னும் இரண்டு சார்ஜ்பேக் வந்தன. இரண்டும் தெரிந்த குடும்பங்கள். ஒருவர் பார்சல் வரவில்லை என்றார், மற்றவர் வாங்கவே இல்லை என்றார். வாடிக்கைக்காரர் எழுதிய கடிதத்தின் பிரதியையும் வங்கி சேர்த்து அனுப்பியிருந்தது. நான் முன்னறையில் சேலைகளுக்கு நடுவே உட்கார்ந்து வாசித்தேன். இரண்டு கடிதம், இரண்டு வேறு பெயர், இரண்டு வேறு கையெழுத்து. இரண்டிலும் மூன்றாவது பந்தியில், இவ்வளவு மரியாதைக் குறைவாக என்னை இதுவரை ஒருவரும் நடத்தியதில்லை.

அந்தப் பெண்களில் ஒருத்தி ஊரிலிருந்து வந்து மூன்று வருடம் ஆகியிருக்கும். அவளுக்கு இங்கிலீசில் தன் விலாசம் எழுதவே இன்னொருவர் வேண்டும். நான் அவளுக்கு ஃபோன் எடுத்தேன்.

"அக்காதான் சொன்னவ, காட் கொம்பனி சும்மா தருமாம், உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லையாம்" என்றாள். பாவம், அழுதுவிட்டாள். அவளுடைய வயிற்றெரிச்சலை நான் ஏன் வாங்கவேண்டும் என்று ஃபோனை வைத்துவிட்டேன்.

அக்காவுக்கு என் மேல் கோபம் என்று நான் இன்றுவரை நினைக்கவில்லை. பழிவாங்கினார் என்றும் நினைக்கவில்லை. ஒரு வழி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்தார், கண்டுபிடித்ததை மற்றவர்களுக்கும் கொடுத்தார், அவ்வளவுதான். காஸ் பில்லுக்கு எழுதியதுபோல, வீட்டு முற்பணத்துக்கு எழுதியதுபோல, அதே மேசையில் அதே வசனத்தோடு எழுதியிருப்பார். யாரிடமும் ஒரு சதமும் வாங்கியிருக்கமாட்டார்.

அந்த மாதக் கடைசியில் வங்கி அட்டை வசதியை நிறுத்தியது. வேறு வங்கிகளுக்குப் போனேன். ஒருமுறை நிறுத்தப்பட்டவர் என்றதும் ஒருவரும் எடுக்கவில்லை. அட்டை இல்லாமல் இணையத்தில் என்ன கடை? மிஞ்சிய சேலைகளை விற்றுத் தீர்க்க ஒரு சனிக்கிழமை முன்னறையைத் திறந்துவிட்டேன். காசுக்கு மட்டும், பாதி விலை. கேள்விப்பட்டுப் பெண்கள் வந்தார்கள். அறை நிறைய ஆட்கள். என் கணவர் கதவடியில் நின்று பை கொடுத்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் அக்கா வந்தார்.

யாரும் எதிர்பார்க்கவில்லை. வந்தவர் எல்லோரையும் நலம் விசாரித்தார். குவியலைக் கிளறி, ஊதா நிறத்தில் ஒரு மைசூர்ச் சில்க்கை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்து இழை பார்த்தார். பிறகு என்னிடம் வந்து காசை நீட்டினார்.

"ரசீது ஒண்டு எழுதித் தா பிள்ளை."

என் கை ரசீதுப் புத்தகத்துக்குத் தானாகவே போனது. பாதியில் நிறுத்தினேன்.

"உங்களுக்கு நான் விக்கேல்லை அக்கா."

சேலை புரட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா கையை மடக்கவில்லை. நோட்டுகள் எனக்கு முன்னால் நீட்டியபடி இருந்தன.

"என்ன காரணம்?"

"உங்களுக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியாது. காரணத்தை எழுத்திலை தா" என்றார். பகிடி இல்லை. எந்தக் கடையில் நின்றாலும் அவர் கேட்கிற கேள்வி அது. கேட்டால் கடைக்காரர்கள் பின்வாங்கிவிடுவார்கள்.

நான் ரசீதுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்தேன். என் கணவர் கதவடியிலிருந்து என்னைப் பார்த்தார். 'இவர் என்னிடம் மூன்று சேலைகள் வாங்கி, உடுத்திவிட்டு, வாங்கவில்லை என்று எழுதிக் கொடுத்தவர். மற்றவர்களுக்கும் அப்படி எழுதிக் கொடுத்தவர். அதனால் என் கடை பூட்டப்படுகிறது. இவருக்கு நான் விற்கமாட்டேன்.' தமிழில்தான் எழுதினேன். கீழே என் முழுப்பெயரையும் திகதியையும் போட்டேன்.

அவர் கண்ணாடியைப் போட்டு, நின்றபடியே முழுவதும் வாசித்தார். பக்கத்தில் நின்ற ஒருவர் எட்டிப் பார்த்தார். அக்கா தாளைச் சற்றுத் திருப்பிக்கொண்டார்.

"இதை வைச்சு நான் உன்னைக் கோட்டுக்கு இழுக்கலாம், தெரியுமோ?"

"இழுங்கோ அக்கா. அங்கை வந்தும் இதைத்தான் சொல்லுவன்."

சேலையைக் குவியலில் வைத்தார். மடிப்புக் கலையாமல், கரை வெளியே தெரிய, ஒழுங்காக வைத்தார். தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டார். போகும்போது என் கணவருக்கு, "போட்டு வாறன் தம்பி" என்றார். அவர் தலையை மட்டும் அசைத்தார். பெண்கள் மறுபடியும் சேலைகளைப் புரட்டத் தொடங்கினார்கள். அந்த ஊதாச் சேலையை அன்றைக்கு ஒருவரும் எடுக்கவில்லை.

சேலைகள் தீர்ந்த பிறகு நான் ஒரு மருந்துக்கடையில் காசாளர் வேலைக்குப் போனேன். காலையில் புறப்பட முன் கதவடியில் கிடக்கும் தபால்களைப் புரட்டுவேன். அவருடைய தட்டச்சு எழுத்து எனக்குத் தெரியும், கடித உறையின் நிறமும் தெரியும். எப்படியும் எழுதுவார், சட்டத்தரணி மூலமாகவாவது எழுதுவார் என்று இருந்தேன். வேலை முடிந்து வந்ததும் என் கணவர் கேட்பார்.

"வந்ததோ?"

"இல்லை."

இரண்டு மாதம் கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். தெருவில் அக்கா எதிரே வருவதைக் கண்டால் நான் மற்றப் பக்கத்துக்கு மாறிவிடுவேன். ஒருநாள் மழையில் எதிரே குடையோடு வந்தவர், என்னைக் கண்டதும், நான் மாறுவதற்கு முன்னரே தான் மாறிப் போனார்.